ஏகாம்பரம் துடைத்துக் கொடுத்த கம்ப்யூட்டர்

முதலில் ரப்பரை மோந்து பார்ப்பார். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வாங்குகிற, பழ வாசனை அடிக்கிற ரோஸ் நிற ரப்பர். இரண்டு மூக்குத் துளையிலும் மாற்றி மாற்றி வைத்து மோந்துவிட்டு, கம்ப்யூட்டரின் வயிற்றிலிருந்து உருவிய பச்சைப் பட்டையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடிப்பார். அதற்கு ரேம் என்று பெயர். அதன் ஓரத்தில் தங்க நிறத்தில் வரிசையாகப் பற்கள் இருக்கும். அவற்றை ரப்பரால் தேய் தேய் என்று தேய்த்து, உதிர்ந்த தூளை வாயால் ஊதுவார். எதிரில் யார் உட்கார்ந்திருக்கிறார்களோ அவர்கள் மேல் அது போய் விழும்.

"பல்லு வெளக்காத வாயி எப்டி பேசும்? இதுவும் அது மாரிதான்" என்பார் ஏகாம்பரம். அதற்கு நாம் சிரிக்க வேண்டும். சிரிக்காவிட்டால் இன்னொரு தடவை சொல்வார்.

அவர் நல்லவர்தான். அதை இப்போதே சொல்லிவிடுகிறேன், அப்புறம் சொல்ல இடம் கிடைக்காது.

வெள்ளானூரில் எங்கள் தெருவின் கடைசி வீடு அவருடையது. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் ஸ்டோர்ஸில் இருந்தார். கம்பெனி இடம் மாறிப் போனபோது, அவர்கள் குப்பையில் போட வைத்திருந்த பழைய கம்ப்யூட்டர்களைக் கேட்டு வாங்கி, ஒரு குட்டியானை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினார். அந்தக் கிழட்டுப் பெட்டிகளில் இந்தக் காலத்து விண்டோஸ் ஓடாதாம். ரேம் பத்தாதாம். அதை எடுத்துவிட்டு, லினக்ஸ் என்று ஒன்று இருக்கிறது, அதிலும் லேசான வகையைப் பார்த்து ஏற்றினால் எழுந்து நடக்குமாம். காசும் கிடையாதாம். இதையெல்லாம் போனில் வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டார். கற்றுக்கொண்டதோடு நிறுத்தியிருக்கலாம். ஆவடியிலிருந்து கொரட்டூர் வரைக்கும் இருக்கிற பழைய கம்ப்யூட்டர் எல்லாவற்றுக்கும் கும்பாபிஷேகம் செய்து வைக்கும் பொறுப்பை ஆண்டவன் தன் தலையில்தான் வைத்திருக்கிறான் என்று அவரே முடிவு செய்துகொண்டார்.

பார்த்தால் அடையாளம் தெரியும். சட்டைப் பையில் ஸ்குரூ டிரைவர். கையில் சைக்கிளுக்குக் காற்றடிக்கிற பம்பு. அதுதான் தூசி ஊத. கழுத்தில் சிவப்புக் கயிற்றில் நாலைந்து பென் டிரைவ் தொங்கும். குளிக்கும்போது மட்டும் அவற்றைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, வந்ததும் முதல் வேலையாக எடுத்துப் போட்டுக்கொள்கிறார், அதற்கப்புறம்தான் வேட்டி என்று அவர் மனைவி சொர்ணம் சொல்கிறாள்.

அந்த வீட்டில் சொர்ணம் எங்கே இருக்கிறாள் என்று தேடித்தான் பார்க்க வேண்டும். கட்டிலுக்கு அடியில் பெட்டி, பரண்மேல் பெட்டி, அரிசி டிரம்முக்கு முட்டுக்கொடுத்து ஒரு பெட்டி. "நான் செத்தா எரிக்க மாட்டாரு பாரு. தொறந்து ரப்பரால தேச்சி, திரும்ப மாட்டி, ஓடுதான்னு பாப்பாரு" என்று ஒருநாள் தண்ணீர் லாரியின் வரிசையில் நின்றுகொண்டு சொன்னாள். வரிசையே சிரித்தது. ஏகாம்பரமும் அங்கேதான் நின்றிருந்தார். "ஓடும்டீ" என்றார், நம்பிக்கையாக.

தெருமுனையில் புதிதாக வந்திருக்கும் அடுக்குமாடி வீடுகளில் வேலைக்குப் போகிற பிள்ளைகள் குடியிருக்கிறார்கள். காலையில் முதுகில் பையை மாட்டிக்கொண்டு கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கும். ஏகாம்பரத்துக்கு அந்த நேரத்தில் அங்கே போய் நின்று டீ குடித்தால்தான் குடித்த மாதிரி இருக்கும். "எட்டு ஜிபி, பதினாறு ஜிபி. இன்னாத்துக்கு நைனா? ரெண்டு மெயில் அனுப்ப. நம்ம பொட்டி அர ஜிபில ஓடுது. அர ஜிபி!" என்று டீக்கடைக்காரரிடம் சொல்வார், ஆனால் பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் காதில் விழும்படி. அவர்கள் காதில் ஏற்கெனவே ஏதோ மாட்டியிருப்பார்கள். விழாது. மறுநாளும் போய்ச் சொல்வார்.

காசு வாங்க மாட்டார். அதுதான் சிக்கல். காசு கொடுத்திருந்தால், "என்னய்யா இப்படிப் பண்ணிட்டே" என்று ஒரு வார்த்தை கேட்கலாம். இவர் சேவை செய்கிறார். சேவை செய்கிறவரிடம் குறை சொன்னால் சொல்கிறவருக்குத்தான் பாவம். டீ கொடுத்தால் குடிப்பார், அப்புறம் நம் காதைக் கேட்பார். உட்கார்ந்து கேட்க வேண்டும். எந்தக் கம்ப்யூட்டரை எந்த நிலைமையில் எடுத்து எப்படிப் பிழைக்க வைத்தார் என்று, பிரசவம் பார்த்த கதை மாதிரி, வலியிலிருந்து ஆரம்பித்துச் சொல்வார்.

பிழைத்து எழுந்த கம்ப்யூட்டர்கள் என்ன செய்கின்றன என்று யாரும் கேட்பதில்லை. சீக்கிரமாக எழுந்திருக்கின்றன. ஒரு பெங்குவின் படம் காட்டுகின்றன. மணி சரியாகக் காட்டுகின்றன. ஜெராக்ஸ் கடை கோகுல்நாத்தின் கம்ப்யூட்டரை வலியப் போய்ச் சரி செய்து கொடுத்தார். அன்றிலிருந்து அது பக்கத்திலேயே இருக்கிற பிரின்டரைத் தெரியாது என்கிறது. கோகுல்நாத் ஓடி வந்தான்.

"அண்ணே, பிரின்டர கண்டுக்கவே மாட்டுது."

"பழைய பிரின்டரு. மாத்திடு."

கம்ப்யூட்டரை மாற்றக் கூடாது, அது பாவம். பிரின்டரை மாற்றலாம். இந்த நியாயம் எந்தச் சாஸ்திரத்தில் இருக்கிறதோ எனக்குத் தெரியாது. நான் அஞ்சாவதோடு நின்றவள். கோகுல்நாத் இப்போது போனிலிருந்து பிரின்ட் எடுக்கிறான். கம்ப்யூட்டர்மேல் பேப்பர் கட்டு வைத்திருக்கிறான்.

இன்னொன்று. யாருடைய கம்ப்யூட்டராக இருந்தாலும், லினக்ஸ் ஏற்றும்போது இது யாருடையது என்று அது ஒரு பெயர் கேட்குமாம். ஏகாம்பரம் யோசிக்காமல் தன் பெயரை அடிப்பார். பாஸ்வேர்டும் அவருடையதுதான். எங்கள் அம்மன் கோயில் ஆபீசில் ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. திருவிழா நோட்டீசு அடிக்க மட்டும்தான் அதைத் தொடுவார்கள். அதையும் இவர் பிழைக்க வைத்தார். ஆடி மாசம் தர்மகர்த்தா அதைப் போட்டால், திரையில் பெரிதாக ஏகாம்பரம் என்று வந்து நிற்கிறது. உள்ளே விடவில்லை. ஆள் விட்டுக் கூப்பிட்டார்கள். வந்தார். "இன்னாங்கையா இப்போ? ஏகாம்பரம்னா சிவன் பேருதான? கோயில்ல இருந்தா இன்னா?" என்றார்.

சிவனுக்குப் பாஸ்வேர்டு கிடையாது. வாயில் வந்தது, சொல்லவில்லை. அம்மன் எதிரில் நின்றுகொண்டு ஒருத்தர் மனசைப் புண்படுத்தக் கூடாது. கண்ணை மூடி, "தாயே, இந்த மனுசன் கைக்கு வேற ஏதாவது வேலை கொடு" என்று மட்டும் வேண்டிக்கொண்டேன். தாய் அதைக் கேட்டாளா, இல்லை வேறு மாதிரிப் புரிந்துகொண்டாளா, தெரியவில்லை. அடுத்த கோடையில் அவர் சுசீலா வீட்டுக்கு வந்தார்.

சுசீலா என் எதிர்வீடு. புருசன் இல்லை. ஒரு பெண் பத்தாவது படிக்கிறாள். முன் அறையில் எம்பிராய்டரி மிஷின் போட்டிருக்கிறாள். பள்ளிக்கூடச் சட்டைப் பையில் முத்திரை போட்டிருக்கும் பாருங்கள், தீபமும் விரித்த புத்தகமும் பள்ளிக்கூடத்தின் பெயரும், அந்த வேலை. அவள் போட்டுத்தள்ள, நான் உட்கார்ந்து நூல் பிசிறு வெட்டுவேன். மிஷினோடு ஒரு பழைய கம்ப்யூட்டர் வயர் போட்டு இணைத்திருக்கும். ஊசி எங்கே குத்த வேண்டும், எப்போது நூல் மாற வேண்டும் என்று கம்ப்யூட்டர்தான் மிஷினுக்குச் சொல்லும். அதை ஒவ்வொரு தையலாகக் கம்ப்யூட்டரில் வரைந்து வைக்க வேண்டும். பஞ்சிங் என்பார்கள். ஒரு முத்திரைக்குப் பஞ்சிங் போட வெளியே கொடுத்தால் அவர்கள் கேட்பதைக் கொடுத்து முடியாது என்று, அம்பத்தூரில் ஒரு இடத்தில் போய்க் கற்றுக்கொண்டு வந்து அவளே போட்டாள். ஒரு தீபத்தின் சுடர் மட்டும் சரியாக வளைய எத்தனை முறை அழித்து அழித்துப் போட்டாள் என்று பக்கத்தில் இருந்து பார்த்தவள் நான். அப்படி ஒவ்வொரு பள்ளிக்கூடமாகச் சேர்த்ததுதான் அவள் சொத்து. அந்த மிஷின்கூட இல்லை. அது போனால் இன்னொன்று தவணையில் வாங்கலாம்.

ஜூன் மாசம் பள்ளிக்கூடம் திறக்கும் முன்னால் வருகிற வேலையில்தான் அவளுக்கு வருசம் ஓடும். அந்தச் சமயம் பார்த்துக் கம்ப்யூட்டர் மக்கர் பண்ணியது. பாதி தீபம் போட்டதும் நின்றுவிடும். ஊசி துணியில் குத்தினபடி அப்படியே நிற்கும். அந்தச் சட்டைப் பைத் துண்டு வீணாகும். ஏகாம்பரத்தை அவள் கூப்பிடவில்லை. சொர்ணத்திடம் புலம்பினாள். சொர்ணம் வீட்டில் போய்ச் சொன்னாள். மறுநாள் காலையில் பம்பும் கையுமாக அவர் வாசலில் நின்றார்.

"அண்ணே, தூசி மட்டும் ஊதி உடுங்க, போதும்" என்றாள் சுசீலா.

"நீ போய் ஒன் வேலைய பாரு மா. நான் பாத்துக்கிறேன்."

அவளுக்கு ஆவடிக்குப் போய் நூல் கோன் வாங்க வேண்டியிருந்தது. என்னை உட்கார வைத்துவிட்டுப் போனாள். அவள் தெருவைத் தாண்டியிருக்க மாட்டாள், இவர் ரப்பரை எடுத்து மோந்தார். தேய்த்தார், ஊதினார், மாட்டினார். போட்டுப் பார்த்தார். ஓடியது. அதோடு எழுந்து போயிருக்கலாம். கழுத்திலிருந்து ஒரு பென் டிரைவைக் கழற்றினார்.

"பழைய விண்டோஸ் எக்ஸ்பி போட்டு வச்சிகீது யக்கா. செத்துப்போன சாமானு. இத்த வச்சிகினு எப்டி ஓடும்?"

"அண்ணே, சுசீலா வந்துடட்டுமே. அவ தூசிதான சொன்னா?" என்றேன்.

"அது வந்தா பயப்படும். ஆப்ரேசன் பண்ற எடத்துல சொந்தக்காரங்கள உள்ள உடுவாங்களா?"

"அதுல அவ டிசைன் எல்லாம் கீதுண்ணே."

"டிசைன்னா இன்னா? படம். படத்த எடுத்து வச்சிட்டுத்தான் கைய வைப்பேன். எத்தினி பொட்டி பாத்தவன் நானு" என்று என் கண் எதிரிலேயே எடுத்து வைத்தார். சுசீலா பெண்ணின் காது குத்துப் படங்கள். சீமந்தத்துப் படங்கள். சினிமாப் பாட்டு, பக்திப் பாட்டு, அவள் புருசன் இருந்தபோது மெரினாவில் எடுத்துக்கொண்ட ஒரு படம். எல்லாவற்றையும் பொறுப்பாகப் பென் டிரைவில் ஏற்றினார். அப்புறம் வேறொரு இடத்தைத் திறந்து முகத்தைச் சுளித்தார். படமே இல்லாமல் வெறும் பெயர்களாக வரிசையாக இருந்தது.

"டிஎஸ்டியாம். பேரு ஊரு தெரியாத பைலு. தொறந்தா தொறக்க மாட்டுது. வைரஸ் போட்ட குட்டிங்கோ யக்கா. எவ்ளோ குட்டி பாரு! இதுங்கதான் பொட்டிய நிறுத்தினு இருந்துகீது."

எனக்கு இங்கிலீசு எழுத்து தெரியாது. அவருக்குத் தெரியும். தெரிந்த அளவுக்குள் அது இல்லை, அவ்வளவுதான். தமக்குத் தெரியாத ஒன்று இருந்தால் அது குப்பை என்று ஏகாம்பரம் எடுத்துக்கொள்வார். இது அவருடைய பழைய பழக்கம். எங்கள் வீட்டுக் கொத்தமல்லித் தொட்டியில் முளைத்திருந்த தூதுவளையைக் களை என்று பிடுங்கிப் போட்டவர் அவர்.

இன்னொரு பழக்கமும் அவருக்கு உண்டு. மற்றவர்கள் பழசை அழித்துவிட்டுப் புதுசை ஏற்றுவார்கள். இவர் அதற்கு முன்னால் உள்ளே முழுக்க பூஜ்யம் பூஜ்யமாக ரொப்புவார். "பழைய வாசனையே இருக்கக் கூடாது" என்பார். சும்மா அழித்தால் தேடி எடுக்க வழி உண்டாம், ரொப்பிவிட்டால் எமனாலும் எடுக்க முடியாதாம். இதைப் பெருமையாகச் சொல்வார். அன்றைக்கும் ரொப்பினார். அதற்கு நேரம் பிடிக்கும். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து ஓட ஓட, மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, சகஸ்ரநாமம் கேட்கிறவர் மாதிரித் தலையை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் போட்டுக் கொடுத்த டீயைக் குடித்தார். கோயில் கம்ப்யூட்டர் கதையைச் சொன்னார். அதில் அவர் ஜெயித்திருந்தார்.

சுசீலா வந்தபோது எல்லாம் முடிந்து பெங்குவின் நின்றது.

"பாரு மா, ஸ்விச்ச தட்டினா எவ்ளோ சீக்கிரமா தொறக்குது!"

அவள் நூல் பையைக் கீழே வைக்காமலே பார்த்தாள். "என் ஸ்கூல் ஃபோல்டரு எங்கண்ணே?"

"போட்டோ கீது, பாட்டு கீது. ஒண்ணு உடல."

"முத்திர, ண்ணே. நான் பஞ்சிங் போட்டு வச்சது. டிஎஸ்டி பைலு."

அவர் சட்டைப் பையிலிருந்த ஸ்குரூ டிரைவரை எடுத்து, பார்த்து, திரும்ப வைத்தார். "அதான் வைரஸ் மாரி இருந்துச்சே" என்றார்.

சுசீலா கத்துவாள் என்று நான் பயந்தேன். கத்தவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து, மவுஸை எடுத்து, திரையில் இருந்த ஒவ்வொன்றாகத் திறந்து திறந்து மூடினாள். எல்லாம் சட்டென்று திறந்தது.

"பாத்தியா, எவ்ளோ வேகம்" என்றார் அவர். இப்போதுகூட.

"தொறந்து இன்னாண்ணே பண்ண?"

அதற்கப்புறமும் அவர் அடங்கவில்லை. அவளிடம் இருந்த எம்பிராய்டரி சாஃப்ட்வேர் இந்தப் புதுசில் ஓடாது என்று தெரிந்ததும், "அது தண்டம். இதுல ப்ரீயாவே ஒண்ணு கீது" என்று எதையோ தேடி இறக்கினார். ஒரு பழைய சட்டைப் பையை எதிரில் வைத்துக்கொண்டு அதைப் பார்த்து வரைய உட்கார்ந்தார். தீபம் வெண்டைக்காய் மாதிரி வந்தது. புத்தகம் இரண்டு செருப்பு மாதிரி வந்தது. அதையாவது தைத்துப் பார்ப்போம் என்று அனுப்பினால் மிஷின் அசையவில்லை. வயரைக் கழற்றி மாட்டினார். அதன் முனையை ரப்பரால் தேய்த்தார். மத்தியானம் தாண்டியதும் எழுந்து கையைத் தட்டிக்கொண்டு, "மிஷின்தான் ரிப்பேரு" என்றார். வீட்டில் காரக்குழம்பு ஆறுகிறது என்று போய்விட்டார்.

சாயந்திரம் டீக்கடையில், "சுசீலா மிஷின் அவுட்டு. பாவம், நாமளும் எவ்ளோதான் பாக்கறது" என்று சொன்னாராம். கேட்டவர்கள் வந்து சுசீலாவிடம் துக்கம் விசாரித்தார்கள்.

மிஷின் விற்றவர்களுக்குப் போன் போட்டாள். அவர்கள் ஆள் அடுத்த வாரம்தான் வருவானாம். வந்து பழைய மாதிரி ஏற்றிக் கொடுத்தாலும் பஞ்சிங் எல்லாம் முதலிலிருந்துதான் போட வேண்டும். ஆவடியில் சீருடைக் கடை வைத்திருக்கும் கங்காதரன்தான் அவளுக்கு வேலை கொடுப்பவர். அவரிடம் விசயத்தைச் சொன்னாள். போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தாள், அதனால் எனக்கும் கேட்டது.

"சின்ன கிளாஸ் புள்ளைங்களுக்கு திங்கக்கெழமை தொறக்குது மா. அந்த லாட்டு மட்டும் ஞாயித்துக்கெழம சாயந்திரத்துக்குள்ள வந்துடணும். மத்தது மெதுவா குடு, சமாளிச்சிக்கிறேன். அதுவும் வரலன்னா பூந்தமல்லில ஒருத்தன் கேட்டுகினே கீறான். அப்புறம் மொத்தமா அவன்கிட்டதான் போவும். தப்பா எடுத்துக்காத."

தப்பாக எடுத்துக்கொள்ள அதில் என்ன இருக்கிறது? அவள் போனை வைத்தாள். அப்புறம் எழுந்து, மூலையில் துணி போட்டு மூடியிருந்த சாதாரணத் தையல் மிஷினை இழுத்தாள். துணியை அழுத்திப் பிடிக்கிற காலைக் கழற்றினாள். பையின் துணியை ரிங்கில் இறுக்கி ஊசிக்கு அடியில் வைத்து, கையாலேயே நகர்த்தி நகர்த்தி ஒரு தீபம் போட்டாள். முதல் தீபம் சாய்ந்தது. இரண்டாவது நின்றது. அதைப் போட்டோ எடுத்துக் கங்காதரனுக்கு அனுப்பினாள். "கையில போட்டியா? நல்லாத்தான் கீது. இதே மாரி குடு" என்று பதில் வந்தது.

தீபமும் புத்தகமும் அவள் மிஷினில் போட்டால், கீழே பள்ளிக்கூடத்தின் பெயரை நாங்கள் கையால் சங்கிலித் தையலில் போடுவது என்று முடிவானது. நான், சொர்ணம், சுசீலாவின் பெண். இங்கிலீசு எழுத்து தெரியாத எனக்குச் சாக்பீசால் வரைந்து கொடுத்தார்கள். கோடு போன வழியே போனேன். சொர்ணம் தையலில் கெட்டிக்காரி என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அவள் வாயும் சும்மா இல்லை. "அந்தாளு இங்க வந்தா நான் கெளம்பிடுவேன், சொல்லிட்டேன். ஊட்டுல சோறு போட்டு மூடி வச்சிகீறேன், தின்னுட்டு அவர் பொட்டிங்ககூட பேசிகினு இருக்கட்டும்" என்றாள். நாங்கள் சிரித்தோம். சுசீலா சிரிக்கவில்லை. கணக்குப் பார்த்தாள். முடிந்த பைகள் ஒரு பக்கம், முடியாதவை ஒரு பக்கம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்துக்கு முடிந்த பக்கம் உயரமாகிவிட்டது. ஆனாலும் இன்னும் இருந்தது.

அந்த நேரத்தில் அவர் வந்தார்.

வாசலில் நின்று பார்த்தார். யாரும் வாங்க என்று சொல்லவில்லை. சொர்ணம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள், ஆனால் எழுந்து போகவில்லை. கையில் வேலை இருந்தது. அவர் தானாக உள்ளே வந்து, முடிந்த பைகளில் ஒன்றை எடுத்து, கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்தார்.

"கலரு கொஞ்சம் மங்கலா கீது" என்றார்.

"நூல மாத்தினா ஒருவேள சரியா வரும்" என்று அவரே தொடர்ந்தார்.

ஒருத்தரும் நிமிரவில்லை. அவர் பையை வைத்தார். பைகளின் அடுக்கைப் பார்த்தார், முடியாத பக்கத்தைப் பார்த்தார். அப்புறம் என்ன தோன்றியதோ, எங்களோடு தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்தார். பேச்சு இல்லாமல் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. நடுவில் கிடந்த, ஊசி குத்தி வைக்கிற பஞ்சுப் பொட்டலத்திலிருந்து ஓர் ஊசியை உருவினார். நீல நூலில் ஒரு துண்டைப் பல்லால் கடித்தார். நுனியை நாக்கில் நனைத்து ஊசியின் காதில் நுழைத்துப் பார்த்தார். நுழையவில்லை. மறுபடி நனைத்தார். ஊசியைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய், தூரமாகப் பிடித்து, ஜன்னல் வெளிச்சத்துக்குத் திரும்பி, மூச்சைப் பிடித்துக்கொண்டு நுழைக்கப் பார்த்தார். நூல் காதில் நுழையாமல் பக்கத்தில் விலகிப் போய்க்கொண்டே இருந்தது. நுனி பிரிந்து இரண்டாகி நான்காகியது.

சொர்ணம் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தாள். நானும்தான். எங்களில் யார் கை நீட்டியிருந்தாலும் கோர்த்துக் கொடுத்திருப்போம். நீட்டவில்லை.

கடைசியில் அவர் அந்த ஊசியையும் நூலையும் சுசீலாவின் பக்கம் நீட்டினார்.

சுசீலா மிஷினை நிறுத்தினாள். இரண்டையும் வாங்கினாள். நூல் நுனியை வெட்டிவிட்டு ஒரே தடவையில் கோர்த்தாள். முடிச்சுப் போட்டாள். முடியாத பக்கத்திலிருந்து ஒரு பையை எடுத்து மடியில் வைத்து, அந்த ஊசியாலேயே முதல் எழுத்தைத் தானே போட ஆரம்பித்தாள்.

ஏகாம்பரத்தின் கை, வாங்கிக்கொள்வதற்காக, விரித்தபடி அங்கேயே இருந்தது.